வால் இல்லாத சத்தம்

டொக்டொக் தட்டிப் பொறுக்கிக் கொடுத்த மூன்று தர்பூசணியும் உள்ளே வெள்ளையாம். பழக்கடைக்காரர் தையல்காரரிடம் சொல்ல, தையல்காரர் என் சித்தியிடம் சொல்ல, சித்தி அதைத் தொலைபேசியில் எனக்குச் சொன்னார்.

"மூணுமே வெள்ளைடா. வெட்டினா வெள்ளரிக்காய் மாதிரி இருந்துச்சாம். இனிமே உங்க அத்தான் மரத்தைத் தட்டுறதோட நிறுத்திக்கட்டும்னு கடைக்காரன் சொல்றானாம்."

சித்தி சிரித்தார். நானும் சிரித்தேன். பேச்சை முடித்து வைத்த பிறகு கவலை பிடித்துக்கொண்டது. எனக்கு எதைக் கேட்டாலும் அப்படிக் கவலை வரும்; ஊரை விட்டு வந்த இந்தப் பதினெட்டு வருஷத்தில் வந்த வியாதி. ஆனால் இந்தத் தடவை காரணம் இருந்தது. அத்தான் தட்டிப் பார்த்து ஒரு பழம் தப்பலாம். மூன்று தப்பாது.

டொக்டொக் என்பது என் அக்கா கணவருக்குத் தெரு வைத்த பெயர். எதைக் கண்டாலும் விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டுவார். கதவு, மேசை, பஸ் கம்பி, ஆஸ்பத்திரி வரவேற்பறைப் பலகை, எதையும் விடமாட்டார். அக்காவைக் கட்டிய புதிதில் எங்கள் வீட்டு அலமாரியைத் தட்டிவிட்டு, "மாமா, இது உள்ளே வெறும் ஒட்டுப்பலகை. உங்களை நல்லா ஏமாத்தியிருக்காங்க" என்றார். அப்பா மூன்று மாதம் அவரிடம் சரியாகப் பேசவில்லை. அலமாரிக்காரனிடமும் பேசவில்லை. தெருவில் யாராவது படம் மாட்ட ஆணி அடிக்க வேண்டுமென்றால் சுவரில் எங்கே பொள்ளல் என்று காட்ட இவரைக் கூப்பிடுவார்கள். சிலிண்டரில் எவ்வளவு எரிவாயு மிச்சம் என்பதையும் தட்டியே சொல்வார். பழக்கடைக்காரர் நல்ல வாடிக்கையாளர் வந்தால் எதிர்ச் சாரியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "அண்ணே, ரெண்டு தட்டு தட்டிட்டுப் போங்கண்ணே!"

தொழில், கிட்டார் செய்வது. கடைகளில் தொங்குகிற இன்றைய கிட்டார் இல்லை. நூற்றைம்பது, இருநூறு வருஷத்துக்கு முன்னால் எப்படிச் செய்தார்களோ அந்த உருவத்தில், அந்த மரத்தில், அந்தப் பசையில் ஒவ்வொன்றாகச் செய்து தருவார். சின்ன உடம்பு, ஒடுங்கின இடுப்பு, மெல்லிய கழுத்து. இப்போதைய கிட்டாரைப் பக்கத்தில் நிறுத்தினால் தொப்பை போட்ட மாமனும் ஒல்லி மருமகனும் மாதிரி இருக்கும்.

இந்த வேலைக்கு அவர் வந்தது வேறு வழியாக. முதல் பன்னிரண்டு வருஷம் நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் வட்ட ரம்பத்தின் முன்னால் நின்றார். காதுக்கு மூடி போடச் சொன்ன மேஸ்திரியிடம், "மூடிட்டா ரம்பம் என்ன சொல்லுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாராம். இதை அவரே பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அங்கே கூட வேலை பார்த்த ஒருவர், மிதிபட்டு உடைந்த பழைய கிட்டார் ஒன்றை நாற்காலிக் கால் ஒட்டுகிற மாதிரி ஒட்டித் தரச் சொல்லிக் கொடுத்தார். அத்தான் பல் வைத்தியரிடம் ஒரு சின்னக் கண்ணாடியைக் கெஞ்சி வாங்கி, ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தார். உள்ளே விசிறி மாதிரி விரிந்த மெல்லிய பட்டைகள், யாருக்கும் தெரியாத இடத்தில் அவ்வளவு சுத்தமான உளி வேலை. "உள்ள ஒரு குடித்தனமே நடக்குதுடி" என்று அக்காவிடம் வந்து சொன்னாராம். அடுத்த வருஷம் வேலையை விட்டார். அவர் செய்த முதல் கிட்டாரின் கழுத்து, கீழே விழுந்த காசைத் தேடுகிறவன் மாதிரி முன்னால் சாய்ந்திருக்கும். அது இன்னும் குளியலறைக்குப் போகும் வழியில் தொங்குகிறது. அவசரமாகப் போகிறவர்கள் தலையில் இடிக்கும்.

பட்டறை, வீட்டின் பக்கவாட்டில் கார் நிறுத்தக் கட்டிய அறை. அக்காவும் அவரும் கார் வாங்கவே இல்லை. சுவரோரம் ஈட்டி மரப் பலகைகள், ஒவ்வொன்றின் முனையிலும் வாங்கிய வருஷம் பென்சிலில். அவற்றை வளைப்பதற்குச் சூடாகும் இரும்புக் குழாய். இரட்டைப் பாத்திரத்தில் வெந்நீரின் நடுவே இளகிக்கொண்டிருக்கும் வஜ்ரப் பசை. மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுப்பது, வாடையை அக்கா முப்பது வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறாள். சன்னலுக்குக் கீழே நீள மேசை, அதன்மேல் இழைப்புளிகள், பெரியதிலிருந்து கட்டைவிரல் அளவு வரை. தரை முழுக்கச் சுருள் சுருளாக மரச் சீவல். கைப்பேசியை அந்தச் சீவலுக்குள்தான் எங்காவது போட்டு வைப்பார்.

கிட்டாரின் முகப்பலகைதான் அதன் குரல். வெளிர் நிறத்தில், நெருங்கிய கோடுகளோடு இருக்கும் ஸ்ப்ரூஸ் மரம். அதை இழைத்து இழைத்து மெலிதாக்க வேண்டும். கனமாக விட்டால் ஊமை. அதிகம் இழைத்துவிட்டால் சில மாதத்தில் தந்தியின் இழுப்புக்கு வயிறு ஒட்டிப்போகும். ஒட்டிய வயிற்றை யாராலும் நிமிர்த்த முடியாது. எங்கே நிறுத்துவது என்பதற்கு அத்தான் இரண்டு பேரைக் கேட்பார். முதலில் கை: பலகையை இரண்டு ஓரமும் பிடித்து மெல்ல முறுக்கிப் பார்ப்பார். அப்புறம் காது: ஒரு மூலையை இரண்டு விரலால் தொங்கவிட்டு நடுவில் தட்டுவார். டொக் என்று விழுந்து அங்கேயே செத்தால் இன்னும் கனம். தட்டிய பிறகும் மணி போல இழுத்துக்கொண்டு போனால் போதும். அந்த இழுப்புக்கு அவர் வைத்த பெயர் வால். "வால் முளைச்சிருச்சு, இனிமே கை வைக்கக் கூடாது" என்பார். கைக்கும் காதுக்கும் சண்டை வந்தால் காது சொல்வதுதான் தீர்ப்பு.

சித்தி பேசிய நாலாம் நாள், மதியம் நான் அலுவலகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தானே அழைத்தார். அங்கே மாலை. எப்போதும் அக்காதான் அழைப்பாள், கடைசியில் ஒரு நிமிஷம் அவரிடம் கொடுப்பாள். அவராக அழைத்ததே இல்லை.

"மச்சான், பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"இல்ல அத்தான். என்ன ஆச்சு? அக்கா?"

"அவளுக்கு என்ன, நல்லா இருக்கா. நீ ஏன் உடனே பதறுற? ஒரு விஷயம். உங்க அக்காகிட்ட மூச்சு விடக் கூடாது."

படிக்கட்டுப் பக்கம் போய் நின்றேன். அவர் சொன்னார். கீச்சென்று வரும் மேல் சத்தமெல்லாம் கேட்கவில்லை. பேச்சு கேட்கிறது, லாரி கேட்கிறது; மணி, குருவி, பலகையின் வால், ஒன்றும் கேட்கவில்லை. காது டாக்டர் ஒரு கோடு போட்ட தாளைக் காட்டினாராம். கோடு பாதி வரை நேராக வந்து, பிறகு மாடியிலிருந்து விழுந்தது மாதிரி விழுந்ததாம். காதுக் கருவி மாட்டிப் பார்த்தார். எதைத் தட்டினாலும் தகர டப்பா.

"எப்பலேர்ந்து அத்தான்?"

"யாருக்குத் தெரியும்? கேட்காம போனது எப்பன்னு எப்படிக் கேட்கும்?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பியானோ டீச்சர் பலகை மேசை மேல இருக்கு மச்சான்" என்றார்.

பியானோ டீச்சரைப் பற்றி அக்கா முன்பே சொல்லியிருந்தாள். அவருடைய அம்மா வாசித்த பியானோ மழைத் தண்ணீரில் நின்று வீணாகிவிட்டது. உள்ளேயிருந்த ஒலிப்பலகை மட்டும் தப்பியது. தொண்ணூறு வருஷம் காய்ந்த ஸ்ப்ரூஸ். அதைக் கொண்டுவந்து, பழைய உருவத்தில் ஒரு கிட்டார் செய்து தரச் சொன்னார். விரிசலும் ஆணித் துளையும் கழித்தால் ஒரே ஒரு முகத்துக்குத்தான் மரம் தேறியது. "இதுல எங்கம்மா குரல் இருக்கு" என்றாராம் டீச்சர். அத்தான், "அம்மா குரல்னா திட்டுமே, பரவாயில்லையா?" என்றாராம். டீச்சர் சிரித்துக்கொண்டே அழுதுவிட்டாராம். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் வந்து, ஓரத்து முக்காலியில் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போவார்.

"இதுல தப்புப் பண்ணினா வேற பலகை கிடையாது" என்றார் அத்தான். "நான் தட்டுறேன். நீ கேட்டுச் சொல்லு."

"நானா? அத்தான், எனக்கு என்ன தெரியும்?"

"விரிசல் விட்ட கண்ணாடி டம்ளரைச் சத்தத்த வெச்சே கண்டுபிடிச்சவன்தானே நீ?"

அது இருபது வருஷத்துக்கு முந்தைய கதை. ஒரு காலை, மேசையிலிருந்த ஆறு டம்ளரையும் கரண்டியால் தட்டி, எது விரிசல் என்று கேட்டார். நான் சரியாகச் சொன்னேன். ஆறில் ஒன்று, குருட்டாம்போக்கிலும் சொல்லியிருக்கலாம். அவர் அதை மறக்கவே இல்லை.

"பக்கத்துல யாரையாவது கேட்கலாமே அத்தான்."

"யார? பழக்கடைக்காரனையா? ஏற்கெனவே மூணு பழத்துக்குத் தெரு முழுக்கத் தண்டோரா போட்டுட்டான். என் காத நம்பித்தான் மச்சான் வர்றாங்க. நீ தூரத்துல இருக்க. நீ வந்து என் மூஞ்சியப் பரிதாபமாப் பார்க்க முடியாது. அதான் உன்னக் கேட்கிறேன்."

எங்கள் வீட்டில் இரண்டு மொழி படித்தவன் நான் ஒருவன்தான். மருந்துச் சீட்டு, வங்கிக் கடிதம், இயந்திரத்தோடு வரும் தாள் எல்லாம் என்னிடம்தான் வரும். புரியாத சொல் இருந்தாலும் ஏதோ ஒன்றை நிச்சயமான குரலில் சொல்லிவிடுவேன். எல்லோர் முகமும் தெளிந்துவிடும். தெரியாது என்று சொல்ல நான் பழகவே இல்லை.

"சரி, தட்டுங்க" என்றேன்.

கைப்பேசியை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு டொக். பிறகு மௌனம்.

"வால் இருக்கா?"

"இல்ல அத்தான். டொக்னு விழுந்து அப்படியே நின்னுடுது."

"நல்லாக் கேளு." மறுபடி டொக்.

"இல்ல."

"அப்போ இன்னும் கனம். நினைச்சேன். இப்ப மூணு மில்லிமீட்டர் இருக்கு. நாளைக்குப் பார்ப்போம்." குரலில் அவ்வளவு நிம்மதி. அன்று பிற்பகல் முழுக்க எனக்கும் ஏதோ பெரிய உதவி செய்துவிட்டது போலிருந்தது.

இரண்டாவது அழைப்பு இரண்டு நாள் கழித்து வந்தது. "ரெண்டே கால்" என்றார். தட்டினார். டொக். வால் இல்லை.

"கை போதும்ங்குது மச்சான். முறுக்கினா நல்லா வளையுது." பிறகு, "காது என்ன சொல்லுது?" என்றார்.

காது என்று அவர் சொன்னது என்னை. தெரியவில்லை அத்தான், கையையே நம்புங்கள் என்று அப்போது சொல்லியிருக்கலாம். கேட்டதைக் கேட்டபடி சொல்வதுதான் நேர்மை என்று நினைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் எடுக்கணும்போல இருக்கு."

"காது சொன்னாச் சரி" என்றார். "தொண்ணூறு வருஷ மரம். அடம் பிடிக்குது, அவ்வளவுதான். அம்மாக்காரி மரமாச்சே."

மூன்றாவது தடவை ஒன்று புள்ளி ஒன்பது. இவ்வளவு மெலிதாக அவர் யாருக்கும் செய்ததில்லை. விளக்குக்கு எதிரே பிடித்தால் விரல் நிழல் தெரிகிறது என்றார். தட்டினார். அதே டொக். அதே மௌனம்.

"வால்?"

"இல்ல."

"கொஞ்சம்கூட?"

"இல்ல அத்தான்."

"நாளைக்குச் சாயங்காலம் கடைசியா ஒரு சீவு சீவிடுறேன். மறுநாள் சனிக்கிழமை, டீச்சர் முன்னாலயே உள்பட்டைய ஒட்டிடலாம்னு இருக்கேன்." பிறகு, வைப்பதற்கு முன்னால், "நீ இல்லாட்டி என்ன பண்ணியிருப்பேன் மச்சான்" என்றார்.

மறுநாள் வெள்ளி. மதியத்துக்குச் சற்று முன்னால் எங்கள் அலுவலகக் கூட்டம். ஆளாளுக்கு அவரவர் வீட்டிலிருந்து கணினியில் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு பெண், "மன்னிக்கணும், மேல் வீட்டுல துளை போடுறாங்க, தலை வெடிக்குது" என்றார். எங்கள் யாருக்கும் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. கணினிப் பிரிவு ஆள் சிரித்தார்.

"உங்களுக்குத்தான் தலைவலி, எங்களுக்கு இல்ல. பேச்சு இல்லாத எதையும் இந்தக் கூட்டச் செயலியே வெட்டிடும். இப்ப போனே அப்படித்தான். பக்கத்துல கோயில் மணி அடிச்சாலும் முதல் அடி கேட்கும், அப்புறம் சத்தம்னு நினைச்சு அமுக்கிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கூட்டத்திலிருந்து எப்படி வெளியேறினேன் என்று தெரியவில்லை. சமையலறைக்குப் போய் ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்தேன். வேலைக்குப் போயிருந்த என் மனைவியை அழைத்தேன்.

"ஒண்ணும் கேட்காத. இந்தச் சத்தத்தைக் கேட்டு, என்ன கேட்குதுன்னு மட்டும் சொல்லு."

கரண்டியால் தட்டினேன். டம்ளர் என் காதோரம் இனிமையாக நீண்டு ஒலித்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணினேன். நாலு எண்ணும் வரை இருந்தது.

"டொக்குன்னு ஒண்ணு" என்றாள் மனைவி. "உங்களுக்கு என்ன ஆச்சு? சாப்பிட்டீங்களா?"

வால் இருந்திருக்கிறது. எப்போது முளைத்தது என்று இனி யாருக்கும் தெரியாது. இரண்டே காலில், கை போதும் என்றபோதே இருந்திருக்கும். அவருக்குக் கேட்கவில்லை. என்னைக் கேட்க விடவில்லை. நடுவில் ஒரு கருவி அதைக் குப்பை என்று முடிவு செய்து ஒவ்வொரு தடவையும் நறுக்கிப் போட்டிருக்கிறது. அது நறுக்கியதைத் தீர்ப்பு என்று நான் சொல்லியிருக்கிறேன்.

மணியைப் பார்த்தேன். அங்கே மாலை ஐந்து பத்து. ஐந்து மணிக்குத் தேநீர் குடித்துவிட்டுப் பட்டறைக்குள் நுழைவார். முதலில் இழைப்புளியின் கத்தியைத் தீட்டுவார். அதற்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். ஒன்று புள்ளி ஒன்பதோடு நிறுத்தினால்கூடப் பட்டையைக் கொஞ்சம் உயரமாக வைத்து எப்படியாவது காப்பாற்றிவிடலாம், வால் முளைத்த பலகையில் அதற்குக் கீழே போனால் வெறும் தாள் என்று போன தடவை அவரே சொல்லியிருந்தார்.

அழைத்தேன். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தேன். மூன்றாவது தடவை அடித்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது: கைப்பேசியின் மணியும் மேல் சத்தம்தான்.

அக்காவை அழைத்தேன். எடுத்தாள். பின்னால் பஸ் கண்டக்டரின் குரல்.

"அக்கா, எங்க இருக்க? உடனே வீட்டுக்குப் போ. அத்தான இழைக்க வேண்டாம்னு சொல்லு."

"என்னடா உளறுற? நான் இப்பத்தான் வேலை முடிஞ்சு ஏறியிருக்கேன். இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். அவருக்கே போன் பண்ணு."

"அவருக்கு மணிச் சத்தம் கேட்காதுக்கா." சொல்லிவிட்டேன். சத்தியம் மாதிரி வாங்கிய வாக்கு, அவ்வளவுதான் அதன் ஆயுள்.

"அது எனக்குத் தெரியாதா?" என்றாள். "ரெண்டு வருஷமாச்சு. வாசல் மணிய நான்தான் தடிச்ச சத்தமா மாத்தி வெச்சேன். பழசு கெட்டுப்போச்சுன்னு சொன்னேன், நம்பிட்டாரு. உனக்கு எப்படித் தெரியும்?"

"அவர் சொன்னார். உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னார்."

"என்கிட்டச் சொல்லக் கூடாதாமா?" அவள் குரல் உடைந்தது. உடனே சரி செய்துகொண்டாள். "சரி, அத அப்புறம் பார்த்துக்கறேன். இப்ப என்ன அவசரம்?"

சொன்னேன். தட்டியது, கேட்டது, நான் சொன்னது எல்லாவற்றையும்.

"பியானோ டீச்சர் பலகையா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமா."

"பழக்கடைக்காரர் நம்பர் வீட்டுல காலண்டர்ல எழுதியிருக்குடா. என் போன்ல இல்ல. தையல்காரர் வெள்ளிக்கிழமை கடை திறக்கமாட்டார். இறங்கி ஆட்டோ பிடிச்சாலும் இந்த நெரிசல்ல ஒண்ணும் நகராது." பிறகு டிரைவரிடமோ பக்கத்து ஆளிடமோ ஏதோ கெஞ்சுவது கேட்டது. "நீ விடாம அடிச்சுக்கிட்டே இரு" என்றாள். "மேசை மேல இருந்தா நடுங்குறதாவது தெரியும்."

மேசை மேல் இருந்தால். சீவலுக்குள் இருந்தால் நடுங்குவதும் தெரியாது.

சித்தியை அழைத்தேன், அவருடைய கைப்பேசி அணைந்திருந்தது. மறுபடி அத்தானை அழைத்தேன். ஐந்து இருபத்தாறு. கத்தி தீட்டி முடித்திருப்பார். கட்டைவிரல் ஓரத்தில் கூர் பார்த்திருப்பார். பலகையை மேசையில் படுக்க வைத்து, ஓரத்துக் கட்டையை இறுக்கி, இடது கையால் ஒரு தடவை தடவியிருப்பார். கை மறுபடியும் போதும் என்று சொல்லியிருக்கும். அதை அவர் கேட்கமாட்டார், காது சொல்லியாகிவிட்டது.

அந்தப் பக்கம் மணி போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் அதன் வால் முழுசாக, துல்லியமாக என் காதில் விழுந்தது. ஓய்ந்ததும் மறுபடி அழுத்தினேன். ஐந்து இருபத்தெட்டு. அடித்துக்கொண்டிருந்தது.